படியில்லாத வாசல்

ஓடிப் போகவில்லை. முதலில் அதைத் திருத்திக்கொள்ளுங்கள். நீலாவதி நடந்து போனாள். வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி, ரேஷன் கடையில் வரிசை நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் ஒயர்க்கூடையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நடந்து போனாள். ஓடிப் போகிறவள் கூடையில் பூண்டும் சுக்கும் ஓமமும் கட்டி எடுத்துக்கொண்டா ஓடுவாள்?

குழாயடியில் இளவரசியிடமும் இதைத்தான் கேட்டேன். அவள் எங்கள் தெருக்கோடியில் தையல் மெஷின் வைத்திருப்பவள். யார் இடுப்பு எத்தனை அங்குலம் பெருத்தது என்பதிலிருந்து ஊரில் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

“அம்பது வயசுல ஆம்பள தேடிப் போய்ட்டா. அத நான் சொன்னா ஒனக்கு ஏன் ஆயா எரியுது?”

“யாருடி ஆம்பள?”

“வேலூரு பார்க்குல என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பெஞ்சுல இந்தக் கோடியில இவ ஒக்காந்துகினு கீறா, அந்தக் கோடியில தாடி வச்ச ஒரு பாய். நடுவுல ஒரு கொழந்த வேற. அப்படியே குடும்பம் கணக்கா கீறாங்க.”

“பெஞ்சுல ஒக்காந்தா தப்பா? நீ பஸ்ஸுல எவன் பக்கத்துலயும் ஒக்காந்ததில்லியா?”

“பஸ்ஸு வேற, பார்க்கு வேற. பார்க்குக்கு இன்னாத்துக்குப் போவாங்கன்னு ஒனக்கு எங்க தெரியும்? நீ சினிமாவே பார்த்ததில்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் குடம் நிரம்பி வழிந்தது. நான் அதைத் தூக்கவில்லை.

“அந்த பாய் அவளுக்குச் சம்பந்திடி. நடுவுல இருந்தது அவ பேத்தி. கவியா பெத்த பொண்ணு. போதுமா?”

சிரிப்பு நின்றது. இளவரசி மட்டும் விடவில்லை.

“செத்துப்போனவ எப்படி ஆயா புள்ள பெப்பா? கவியா செத்து அஞ்சு வருசம் ஆவுது. பதினாறாம் நாள் சோத்த நீயும்தான் தின்ன.”

தின்றேன். வடை பாயசத்தோடு தின்றேன். இல்லை என்று சொல்லமாட்டேன். அதனால்தான் இதை நானே சொல்லவேண்டியிருக்கிறது.

நீலாவதி கலசப்பாக்கம் பக்கத்துப் பெண். கண்ணுக்கு எட்டும் வரைக்கும் நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவள். சுப்பிரமணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே மலை நிற்கிறதே என்று பயந்தாள். “மேல சாஞ்சுடாதா அத்த?” என்று என்னிடம் கேட்டாள். சுப்பிரமணி எனக்கு ஊர் முறையில் மகன். அவனுக்கு நான் பெரியம்மா, அவளுக்கு அத்தை. பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு மண்சுவர், என் தோள் உயரம். இருபத்தெட்டு வருஷம் அந்தச் சுவர் மேல்தான் எங்கள் இரண்டு பேருடைய பேச்சும் உட்கார்ந்திருந்தது.

இரண்டு பிள்ளை தங்காமல் மூன்றாவதாகக் கவியா தங்கினாள். நாலு வயதில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து போளூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். பிள்ளை பிழைத்தால் இனிப் பலாப்பழம் தொடுவதில்லை என்று நீலாவதி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அந்தப் பழம் என்றால் அவளுக்கு உயிர். பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து ஒரு சுளை தொட்டதில்லை. ஆனி மாசத்தில் மலையிலிருந்து வண்டி வண்டியாகப் பலா இறங்கும், தெருவே மணக்கும். அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு போவாள்.

“இத்தினி வருசமா சாமி ஒன் வாயவே பார்த்துகினா கீது? ஒரு சுள தின்னுடி” என்றேன் ஒரு நாள்.

“சாமி பாக்கலன்னா இன்னா அத்த? நான் பார்த்துகினுதானே கீறேன்” என்றாள்.

அவள் வாக்கு அப்படிப்பட்டது. இதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

கவியா பன்னிரண்டாவது முடித்ததும் ஷூ கம்பெனி வேனில் ஏறினாள். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த வேன்தான் வழி. கம்பெனியில் தோல் வெட்டும் இடத்தில் தானிஷ் என்று ஒரு வாணியம்பாடிப் பையன் வேலை பார்த்தான். ஒரு சாயங்காலம் வேன் வந்தது, எல்லாப் பெண்களும் இறங்கினார்கள், இவள் இறங்கவில்லை. பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள், இனித் தேடவேண்டாம் என்று கூட வேலை பார்த்த பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் நடந்த வாரம் நான் ஊரில் இல்லை. என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து சந்தவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், நிறுத்தத்துக்கு எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். ரோஜாப்பூ வளையத்துக்கு நடுவில் கவியா சிரிக்கிறாள். சிவப்புத் தாவணி, தலை நிறையப் பூ, மஞ்சள் நீராட்டுக்கு எடுத்த படம். கீழே பெரிய பெரிய எழுத்து. எனக்கு எழுத்து தெரியாது. கம்பெனியில் நல்ல வேலைக்காரி என்று பரிசு கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது. டீக்கடையில் நின்ற ஓர் ஆளிடம், “எங்க தெருப் பொண்ணுப்பா, நான் தூக்கி வளத்தது” என்று நானாகவே போய்ச் சொன்னேன். அந்த ஆள் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சின்ன வயசு. எப்படி ஆயா செத்துச்சு?” என்று கேட்டான்.

கண்ணீர் அஞ்சலி என்று போட்டிருந்ததாம். தோற்றம் இன்ன நாள், மறைவு இன்ன நாள் என்று இரண்டு தேதியும் இருந்ததாம். மறைந்த தேதி, அவள் வேனை விட்டு இறங்காத நாள்.

சுப்பிரமணிதான் அடித்து வைத்தவன். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். மகளை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து, கம்பி குத்தாமல் துண்டைச் சுற்றி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவன். அவன் கத்தவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கிணற்றில் இறங்கித் தலை முழுகினான். பதினாறாம் நாள் ஊருக்குச் சோறு போட்டான். அன்று சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் வெற்றிலை மேல் கற்பூரம் கொளுத்தி, நீலாவதியை முன்னால் நிறுத்தினான். அவன் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள்.

“அவ வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். என் வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது. அவ வூட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காது.”

சொல்லிவிட்டு உள்ளங்கையை வைத்துக் கற்பூரத்தை அணைத்தாள். தீ அணைந்த பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன்.

பேனர் துணி கெட்டியான துணி, மழைக்குத் தாங்கும். எங்கள் பக்கத்தில் எந்தப் பேனரையும் வீணாக்கமாட்டார்கள். வேர்க்கடலையை, நாங்கள் சொல்லும் மல்லாட்டையை, அதில் காயவைப்பார்கள், வைக்கோல் போரை மூடுவார்கள். சுப்பிரமணி மகளுடைய பேனரை அவிழ்த்துக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டாய் மேல் போட்டான். முகம் மேலே தெரிந்தால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள் என்று உள்பக்கமாகத் திருப்பிக் கட்டினான். பாதிக் கொட்டாய்தான் மூடியது. மறுபாதியில் பழைய ஓலை, மழை வந்தால் ஒழுகும். அவன் கொட்டாய்க்குள் போகிறவன் இல்லை. பால் கறப்பது நீலாவதி. காலையும் சாயங்காலமும் செவலைப் பசுவின் மடியில் கை வைத்து நிமிர்ந்தால், தலைக்கு மேலே மகள் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். இதை யோசிக்காமல்தான் அவன் திருப்பிப் போட்டான் என்று நான் நம்புகிறேன். அப்படி நம்பினால்தான் அவன் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது.

ஒன்றரை வருஷம் போனது. ஒரு நாள் என் பட்டன் போன் அடித்தது.

“ஆயா, நான் கவியா.”

பதினாறாம் நாள் சோறு தின்ற வாய். சட்டென்று திறக்கவில்லை.

“ஆயா, இருக்கியா? எனக்குப் பொண்ணு பொறந்துருக்கு. பேரு உஸ்மா. அம்மாகிட்ட குடு ஆயா.”

போனைச் சுவருக்கு மேலே நீட்டினேன். நீலாவதி சாணிக் கையோடு வந்தாள். போனை வாங்காமல், நான் பிடித்திருக்க, காதை மட்டும் கொடுத்துக் கேட்டாள்.  பிறகு, “பால் குடிக்குதா?” என்று ஒரு கேள்வி கேட்டாள். 

வேலூரில் வீடு எடுத்திருக்கிறோம், வந்து பார் என்று மகள் அழுதிருக்கிறாள். படியை மிதிக்கமாட்டேன் என்று கற்பூரம் அணைத்ததை இவள் சொன்னாள். மறுநாள் மறுபடியும் போன்.

“ஆயா, அம்மாகிட்ட சொல்லு. படியே இல்லாத எடம் ஒண்ணு கீது. எங்க வூட்டுலருந்து ரெண்டு தெரு. பார்க்கு. அது யாரு வூடும் இல்ல.”

என் கண்ணில் புரை வளர்ந்திருந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு அத்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சுப்பிரமணியிடம் சொல்லிவிட்டு என்னை பஸ்ஸில் ஏற்றினாள். கண்ணமங்கலம் தாண்டி வேலூர் போய் இறங்கினால், அம்மம்மா, அந்தச் சத்தம்! ஆரன் அடிக்காமல் ஓர் ஆட்டோ நகராது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்தெந்த தேசத்துக்காரர்களோ எக்ஸ்ரே உறையைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். என் கையை அவள் விடவே இல்லை. ஒரு சந்து திரும்பினோம். சுற்றுச்சுவர், அதில் ஒரு வழி, ஆள் நுழைந்தால் சுற்றுகிற இரும்புக் கம்பி. நீலாவதி நுழையவில்லை. குனிந்து உட்கார்ந்து கம்பிக்குக் கீழே தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். வலது பக்கம் தடவினாள், இடது பக்கம் தடவினாள். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

“எந்திரிடி, ஜனம் பாக்குது.”

“படி இல்ல அத்த. தர மட்டமா கீது” என்றாள். அப்புறம்தான் உள்ளே கால் வைத்தாள்.

உள்ளே போனால் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. பெரிய தூங்குமூஞ்சி மரங்கள், சிமென்ட் பெஞ்சு, தண்ணீர் வற்றிய மீன் தொட்டி. ஊர் விட்டு ஊர் வந்த நோயாளிகளின் உறவுக்காரர்கள் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். யாரும் யாரையும், நீ யார், எங்கே வந்தாய் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் கிடையாது.

கவியா எழுந்து வந்தாள். அம்மாவும் மகளும் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். இல்லை. நீலாவதி புல்லில் உட்கார்ந்து பேத்தியை மடியில் வாங்கி, காதைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், உச்சி மூடிவிட்டதா என்று தடவிப் பார்த்தாள். காவல்காரர் புல்லில் உட்காரக்கூடாது என்று விசில் ஊதினார். பலகையில் எழுதியிருக்கிறதாம். பெஞ்சுக்கு மாறினோம். கட்டிக்கொண்டு வந்த சாமைச் சோற்றை உருட்டி மகள் வாயில் ஊட்டினாள். கவியா டிபன் பாக்ஸைத் திறந்து அம்மாவிடம் நீட்டினாள். நீலாவதி தொடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்தாள்.

“தண்ணிதானேம்மா சொன்ன? சோறு தின்னா இன்னா?”

“சோத்துல தண்ணி இல்லாம எப்படிடி வேவும்?”

கவியா பாக்ஸை மூடிவிட்டாள். நான் மட்டும் தின்றேன். பிரியாணி. நன்றாகத்தான் இருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருகிட்டயும் சொல்லாத அத்த. அவுரு காதுக்குப் போனா இந்த எடமும் போய்டும்” என்றாள். சொல்லமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

அப்படி மூன்று வருஷம். மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடுப்பு வலிக்கு வேலூரில் கரண்ட் வைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். பேத்தி அந்தப் பூங்காவில்தான் நடக்கப் பழகினாள், அங்கேதான் பேசப் பழகினாள். அவளுக்கு நீலாவதி, பார்க்கு ஆயா. மழைக்காலத்தில் ஒரு நாள், “மழ பெஞ்சா நீ எங்க படுப்ப?” என்று கேட்டாளாம். பாட்டி பூங்காவிலேயே குடியிருக்கிறாள் என்று குழந்தை நினைத்துக்கொண்டிருக்கிறது.

“அந்த மரத்துக்குக் கீழ” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு கொட்டாய்க்குப் போனவள் பொழுது சாயும் வரைக்கும் வெளியே வரவில்லை.

போன வருஷம் கவியாவின் மாமியார் ஆஸ்மா மாரடைப்பில் இறந்துபோனாள். முதல் பிள்ளைப்பேற்றுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு கவியாவுக்கு மறுபடி வயிற்றில் தங்கியது. கால் வீக்கம், தலைசுற்றல், பூங்கா வரை நடக்க முடியவில்லை. அதனால் மாமனார் உமர் ஃபாரூக் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தோல் ஷாப்பில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். நல்ல மனிதர். பெஞ்சில் அந்தக் கோடியில் உட்காருவார், முகத்தை மரத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு பேசுவார். இளவரசி பார்த்தது இதைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவள் வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறாள். கிட்டே வந்து, “இன்னாக்கா இங்க?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்காமல் ஊருக்கு வந்து தைத்துக் கொடுத்தாள், ஆளுக்குத் தகுந்த அளவில்.

பத்து நாளில் சுப்பிரமணி காதுக்குப் போனது. சுவருக்கு இந்தப் பக்கம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“யாரு அது?” என்றான்.

அவள் அடுப்பை ஊதினாள்.

“ஊரு காறித் துப்புது. யாருன்னு சொல்லிடு. சொன்னா விட்டுடுறேன்.”

ஒரு வார்த்தை போதும். உன் சம்பந்தி என்று சொன்னால் அவளுக்கு வந்த பழி போய்விடும். ஆனால் பேத்தியும் போய்விடுவாள். நீலாவதி அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

“பெரிம்மா! ஒனக்குத் தெரியுமா?” என்று சுவரைப் பார்த்துக் கத்தினான்.

“எனக்கு இன்னாப்பா தெரியும், கண்ணு தெரியாதவளுக்கு” என்றேன். பொய்.  நான் அன்று சொல்லித் தொலைத்திருந்தால், கோபம் ஆறி ஒருவேளை அவனும் பூங்காவுக்கு வந்திருப்பானோ என்று நினைப்பேன். வந்திருக்கமாட்டான். ஆனாலும் நினைப்பேன்.

அவன் அவள் பக்கம் திரும்பினான். பிறகு மெதுவாகச் சொன்னான். “பாதிக் கொட்டாய் ஒழுகுது. ஒனக்கும் ஒரு பேனர் அடிச்சுட்டா முழுசா மூடிடலாம்.”

அதற்கு அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை துணைக்கு நானும் போனேன், ஊர் வாய்க்குப் பயந்து. சந்து திரும்பியதும் நீலாவதி நின்றுவிட்டாள். சுற்றுச்சுவரே தெரியவில்லை, சுற்றிலும் நீலத் தகரம் அடித்திருந்தார்கள். சுற்றுகிற கம்பியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தது. உள்ளே மண் அள்ளும் வண்டி உறுமுகிறது. தூங்குமூஞ்சி மரங்களில் ஒன்று விழுந்து கிடந்தது. பூங்காவைப் புதுசாகக் கட்டுகிறார்களாம், ஒரு வருஷம் ஆகுமாம். எதிர்க்கடை ஓரம் உமர் ஃபாரூக் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“போன்ல சொல்ல மனசு வரல, அதான் வந்து நிக்கிறேன்மா” என்றார். “கவியா எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ரத்தக் கொதிப்பு ஜாஸ்தியா கீதாம். பிரசவத்துக்கு இன்னும் பதினஞ்சு நாளோ, முன்னாடியோ. வூட்டுல நானும் பையனும்தான். ஆம்பளைங்க எங்களுக்கு இன்னாம்மா தெரியும்? வூடு ரெண்டு தெருதான். வாங்கம்மா.”

நீலாவதி தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் வர மாட்டேங்க.”

“எதுக்கும்மா? நாங்க எதுனா தப்பா…”

“ஒங்க மேல ஒண்ணும் இல்லீங்க” என்றாள். அதற்கு மேல் எப்படிச் சொல்வாள்? உள்ளங்கையை மட்டும் திறந்து பார்த்து மூடிக்கொண்டாள்.

உஸ்மா தகரத்து இடுக்கில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள். விழுந்த மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, “ஆயா, ஒன் வூட்ட இடிச்சுட்டாங்க” என்றாள்.

சாமைச் சோற்றுத் தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். கண்ணமங்கலம் தாண்டி மலை தெரிந்ததும், “மேல சாஞ்சிருக்கலாம் அத்த, நான் வந்த அன்னிக்கே” என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கவியா போன் செய்தாள். அம்மாவைக் கூப்பிடு என்று சொல்லவில்லை.

“ஆயா, நாளைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில சேக்குறாங்க. அம்மாவ வரச் சொல்லலன்னு சொல்லு. கஷ்டப்பட வேணாம். பார்க்கு தொறந்ததும் ரெண்டு புள்ளைங்களயும் இட்டுகினு வர்றேன்னு சொல்லு.”

சுவரோரம் நின்று அப்படியே சொன்னேன். வா என்று கூப்பிட்டிருந்தால் நீலாவதி போயிருக்கமாட்டாள். அவளை எனக்குத் தெரியும். வரவேண்டாம் என்று மகள் சொன்னதுதான் அவளை அசைத்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெற்றிலையில் கற்பூரம் கொளுத்தினாள். கை வைத்து அணைக்கவில்லை. அது தானாக எரிந்து தீரும் வரை நின்று பார்த்தாள்.

“கேட்டுட்டேன் அத்த” என்றாள்.

“இன்னா சொல்லிச்சு?”

“ஒண்ணும் சொல்லல.”

வீட்டுக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் செய்கிற மாதிரி வாசப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். கூடையில் இரண்டு புடவை, பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிளற வேண்டிய சாமான், ஒரு துணிப்பையில் சாமை அரிசி. சுப்பிரமணி முற்றத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தான். ஊரில் அதுவரை என்னைத் தவிர யாருக்கும் தெரியாததை அவனுக்கு எதிரில் நின்று சொன்னாள்.

“பார்க்குல இருந்தவரு ஒன் சம்பந்தி. கொழந்த ஒன் பேத்தி. பேரு உஸ்மா, நாலு வயசு ஆவப்போவுது. ஒன் மூக்கு. மூணு வருசமா மாசா மாசம் நான் பார்த்துகினுதான் வர்றேன். இடுப்புல எனக்கு ஒரு வலியும் இல்ல.”

அவன் உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“கவியாவ இன்னிக்கு ஆஸ்பத்திரியில சேக்குறாங்க. நான் போறேன்.”

“எனக்குப் பொண்ணு இல்ல. செத்துட்டா.”

“செத்தவளுக்குத்தான் மருந்து எடுத்துகினு போறேன்.”

“கற்பூரம் அணைச்சவ நீ.”

“ஆமா. அணைச்சேன். அது என்னைக் கேக்கட்டும். புள்ளையக் கேக்க வேணாம்னு வேண்டிகினேன்.”

அவன் எழுந்திருக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டே, “அந்தப் படிய மிதிச்சா, இந்தப் படி இல்ல” என்றான். குரல் உடைந்திருந்தது. அவன் அழுதுவிடுவான் என்று நினைத்தேன். அழவில்லை. ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தான். உள்ளே பருப்பு இல்லை. தூக்கிப் போட்டான்.

நீலாவதி கூடையைத் தூக்கினாள். ஈர மஞ்சள் படாமல் படியைத் தாண்டி வெளியே கால் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“மழ வரப்போவுது. பாதிக் கொட்டாய் ஒழுகும். இன்னொண்ணு அடிச்சு மூடிக்கோ” என்றாள்.

திட்டுவது மாதிரி சொல்லவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வது மாதிரி சொன்னாள்.

நான் என் வாசலுக்கு வந்துவிட்டேன். ரேஷன் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இளவரசியும் அதில் நின்றாள், பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

“எப்பம்மா வருவ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“பால நீ கறந்துடு அத்த” என்றாள். “செவலைக்கு என் கைதான் பழக்கம். மொதல்ல ஒதைக்கும். கழுத்தத் தடவிக் குடு, நின்னுடும்.”

போனாள். ஒருதரமும் ஓடவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரே நடை.

அன்று சாயங்காலம் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குப் போனேன். சுப்பிரமணி முற்றத்தில் அதே இடத்தில் இருந்தான், முறத்தில் மல்லாட்டை அப்படியே கிடந்தது. மடியில் கை வைத்தேன். மேலே தலைகீழாகக் கவியா. அவளுக்குப் பக்கத்தில் ஓலை இற்றுப்போய், வானம் தெரிகிற பாதி. கழுத்தைத் தடவினேன். செவலை என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, உதைத்தது.